தோற்க மறந்த வாய்

அத்தியாயம் பதினாறு

முன்கூடத்துச் சிமெண்டுத் தரையில், வாசலை ஒட்டி, வெள்ளையாக ஒரு வட்டம் காய்ந்து கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து வைத்த கள் குடுக்கை நுரைத்து வழிந்த தடம் அது. குடுக்கை இல்லை. அதைத்தான் முந்தாநாள் மாப்பிள்ளையின் அப்பா உடெசுவே தன் கையாலேயே திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டாரே!

ஒபிடிகே அந்த வட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அப்போதும் கண் அங்கேதான் போனது.

உமுடிம் ஊரில் ஒபிடிகேயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'இரும்பு நாக்கு' என்றால்தான் தெரியும். கல்யாணமோ, சாவோ, எல்லைத் தகராறோ, பங்காளிகள் சார்பில் எழுந்து நின்று பேசுவது அவர்தான். வாயைத் திறந்தால் மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படுவது போலப் பழமொழிகள் புறப்படும். அந்தப் பெருமையில்தான் மனிதர் இத்தனை நாள் தலைநிமிர்ந்து நடந்தார். அதே வாய்தான் முந்தாநாள் அண்ணன் மகள் ஒலன்மாவின் கல்யாணத்தில் மண்ணை அள்ளிப் போட்டது.

பெண் கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பெண் கொடுங்கள் என்று கேட்டுவிட முடியாது. சுற்றி வளைக்கவேண்டும். பெண் வீட்டுக்காகப் பேசுகிற வாய் ஒன்றும் புரியாத மாதிரி நடிக்கும், சீண்டும், வழிமறிக்கும். ஒரு பழமொழி போட்டால் பதிலுக்கு இன்னொன்று வரவேண்டும். கூட்டம் சிரிக்கும், கைதட்டும். கடைசியில் பெண் வீட்டு வாய் தடுமாறுவது போலத் தடுமாறி, நீங்கள் ஜெயித்தீர்கள் என்று கள்ளை வாங்கி வைக்கும். பிறகு பெண்ணைக் கூப்பிட்டு, இந்தக் கள்ளை நாங்கள் குடிக்கலாமா என்று கேட்பார்கள். இதுதான் முறை. பெண் வீட்டு வாய் தோற்றே ஆகவேண்டும். அதற்குத்தான் அத்தனை நாடகமும்.

ஒபிடிகே தோற்கவில்லை.

மாப்பிள்ளை கோசிசோவின் வீட்டில் வழக்கமாகப் பேசுகிற சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அதனால் அப்பா உடெசுவேதான் பேச எழுந்தார். சிங்கமுகம் போட்ட புதுச் சட்டை. பிறவியிலேயே திக்குவாய். முதல் வார்த்தையிலேயே ஒபிடிகேவுக்கு அது புரிந்துவிட்டது. புரியாமல் போயிருந்தால்கூட இன்றைக்கு மனசு ஆறியிருக்கும். புரிந்தும் விடவில்லை, அதுதான் கொடுமை. கோழியைப் பற்றி ஒரு பழமொழி போட்டார். பதில் வருவதற்குள் ஆற்றைப் பற்றி ஒன்று. "இரும்பு நாக்கு!" என்று யாரோ கத்தினார்கள். ஆமையைப் பற்றி ஒன்று, மழையைப் பற்றி ஒன்று. உடெசுவேயின் வாய் திறந்தபடியே இருந்தது. சட்டை நனைந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு அவர் குனிந்து குடுக்கையை எடுத்தார். "நா... நாங்க கிளம்பறோம்," என்றார். அவ்வளவுதான்.

உள்ளறையில் தலையில் பவழம் கோத்துக்கொண்டு ஒலன்மா காத்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவே இல்லை.

*

அண்ணி நெபெச்சி இடித்த கிழங்கு உருண்டையையும் கசப்புக்கீரைக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். வைத்த வேகத்தில் குழம்பு தளும்பியது.

மனைவி போன பிறகு ஒபிடிகே தனி அடுப்பு மூட்டவில்லை. அண்ணனும் போய்ச் சேர்ந்தபின் அண்ணிக்கும் ஒலன்மாவுக்கும் அவர்தான் ஆண் துணை. அந்த அண்ணி முந்தாநாளிலிருந்து அவரிடம் வாய் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் மரவள்ளித் தோட்டத்தில் இருட்டும் வரை பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று கிழங்கு பிடுங்கினார்கள். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணி, உப்பு கொஞ்சம்..."

"அங்கேயே இருக்கு. எடுத்துப் போட்டுக்குங்க. கைன்னு ஒண்ணு இருக்கில்ல? எல்லாத்துக்கும் வாயையே நம்பிட்டு இருக்கக் கூடாது."

பேசிவிட்டாள்! ஒபிடிகேவுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"திட்டுங்க அண்ணி. நல்லா நாலு வார்த்தை திட்டுங்க."

"திட்டி என்ன ஆகப் போகுது? உங்க அண்ணனைப் புதைச்ச அன்னிக்கு இவளைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? இவ கல்யாணத்துல நான் பேசற பேச்சை ஊரே கேட்கும்னீங்க. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

அவள் போய்விட்டாள். ஒபிடிகே உப்பு போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிடவும் இல்லை.

பின்முற்றத்தில் ஒலன்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு குழம்புக்குப் பூசணி விதை உரித்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பிள்ளைகள் கேட்காவிட்டாலும் மற்ற டீச்சர்கள் கேட்பார்களே.

"கோசிசோ போன் பண்ணானாம்மா?"

"பண்ணார்."

"என்ன சொல்றான்?"

"அப்பா பேச மாட்டேங்கறார்னு சொன்னார். எப்பவுமே கம்மியாத்தான் பேசுவாராம். இப்ப சுத்தமா இல்லையாம். அவர் சம்மதம் இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன், எனுகு டவுனுக்கே திரும்பிப் போயிடறேன்னு சொல்றார்."

"எம்மேல கோபமா?"

அவள் ஒரு விதையை உரித்து முடித்தாள்.

"நீங்க நல்லாத்தான் பேசினீங்க சித்தப்பா. உள்ளேர்ந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். அந்த ஆமை விஷயம் சொன்னப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம்தான் யாரைப் பார்த்துச் சிரிக்கறோம்னு உறைச்சுது."

ஒபிடிகே முறத்திலிருந்து தானும் ஒரு விதையை எடுத்தார். இந்தப் பெண் அழுதிருந்தால் சமாளித்திருப்பார்.

"நேத்து நாங்க தோட்டத்துலேர்ந்து வந்தப்போ உன்னைக் காணோமே?"

"சர்ச்சுல பாட்டுப் பயிற்சி," என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"நான் வேணா போய் அவரைப் பார்க்கட்டுமா?"

இப்போது நிமிர்ந்தாள். "அவங்க ஊர் அமாகுவுக்கா? கள்ளை வாங்காம பொண்ணு வீட்டுக்காரங்க அங்கே போய் நிக்கக் கூடாதே! பங்காளிங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? போன வருஷம் இன்னொரு வீட்டுப் பெண், பேச்சு முடியும் முன்னே தானாகவே மாப்பிள்ளை வீட்டுப் படியேறிவிட்டாள் என்று ஒரு புகார் வந்தது. வீட்டுப் பெண்ணைத் தெருவில் கூவி விற்றுவிட்டார்கள் என்று எழுந்து நின்று பேசியவர் இவரேதான். பங்காளிகள் ஒருவரும் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பங்காளிகள் நிற்காத கல்யாணத்தை இந்த ஊரில் யாரும் கல்யாணமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தப் பெண் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். ஆணாக இருந்தால் அபராதத்தோடும் அவமானத்தோடும் விட்டுவிடுவார்கள்.

"தெரிஞ்சா நான் பார்த்துக்கறேன்," என்றார் ஒபிடிகே.

*

பெரிய மனிதர்கள் போடும் சிவப்புத் தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டு, வெறுந்தலையோடு கிளம்பினார். தார் ரோட்டில் போனால் மோட்டார் சைக்கிள்காரன் ஒவ்வொருவனும் நிறுத்தி விசாரிப்பான். எண்ணெய்ப்பனைத் தோப்பு வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அதில் நடந்தார்.

பாதி வழியில் தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. கள் இறக்கும் ஒக்கோலி, இடுப்பு வளையத்தில் சாய்ந்தபடி மரத்து உச்சியில் இருந்தான்.

"இரும்பு நாக்கு! தொப்பியை எங்கே காணோம்? என்ன, உங்க வீட்டு ஆளுங்களுக்கு இந்தப் பாதை ரொம்பப் பிடிச்சுப் போச்சா?"

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பழமொழியை வீசி அவனை மரத்திலேயே தலைகுனிய வைத்திருப்பார். இன்றைக்கு ஒன்றும் எழவில்லை. கையை ஆட்டிவிட்டு நடந்தார். அவன் சொன்னதைக் காதில் சரியாக வாங்கவும் இல்லை.

அமாகுவில் உடெசுவே தன் வீட்டுக் கிழங்குப் பந்தலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒபிடிகேயைப் பார்த்ததும் கை நின்றது. வெறுந்தலையைப் பார்த்தார். கோபப்படுவார், விரட்டுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு அந்த முகத்தில் கோபமே காணோம். அதுதான் அதிகமாக வலித்தது.

"வா... வாங்க. உள்ளே வாங்க."

கூடத்தின் மூலையில் அந்தக் குடுக்கை இருந்தது. யாரும் அதிலிருந்து ஊற்றவில்லை. வாசனையிலேயே புளித்துப்போனது தெரிந்தது.

உடெசுவே விருந்தாளிக்கு முதலில் தரும் கோலாக் கொட்டையும், பச்சையாகத் தின்னும் கத்தரிக்காயும், நிலக்கடலை விழுதும் தட்டில் கொண்டுவந்தார். கொட்டையைக் கையில் ஏந்தி வேண்ட ஆரம்பித்தார். ஊருக்கு நலம், விருந்தாளிக்கு நலம், பிள்ளைகளுக்கு நலம். ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் சிக்கி, இழுத்து, நின்று, பிறகு வந்தது. அடுத்து என்ன வார்த்தை என்று ஒபிடிகேவுக்குத் தெரியும். எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு மனிதர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது இவ்வளவு சிரமம் என்று அவருக்கு இதுவரை தெரிந்ததில்லை. அவர் யாருக்காகவும் காத்திருந்ததே இல்லையே.

கொட்டையை உடைத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"யானை..." என்று ஆரம்பித்த ஒபிடிகே சட்டென்று நிறுத்தினார்.

"யா... யானைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. யானையை விடுங்க. நான் தப்பு பண்ணிட்டேன். உங்களை அவமானப்படுத்திட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இவ்வளவு மொட்டையாக அவர் எதையும் பேசியதில்லை. சட்டையில்லாமல் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது.

உடெசுவே தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கே... கேட்கணும். எனக்குத் திக்குதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாமே? ஏன் நிறுத்தலை?"

"கூட்டம் சிரிச்சுது," என்றார் ஒபிடிகே. "சிரிச்சாங்கன்னா எனக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எதிர்ல நிக்கறது மனுஷன்னுகூடத் தெரியாது. இது இப்பத்தான் எனக்கே தெரியுது."

உடெசுவே தலையை ஆட்டினார். "தம்பி படுத்துட்டான். வே... வேற ஆளைக் கூப்பிடுங்கன்னு வீட்ல சொன்னாங்க. ஒரே பையன். அவனுக்காக நானே பேசணும்னு ஆசை. ஆட்டுக் கொட்டகையில போய் ஆடுங்ககிட்டப் பேசிப் பழகினேன். ஆடு சிரிக்கலை." சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். "எல்லாத்துக்கும் பதில் எனக்கு எங்கே வரும்? ஒண்ணே ஒண்ணுதான் தயார் பண்ணேன். கடைசியில நீங்க வழி விடுவீங்க, அப்போ சொல்லலாம்னு வெச்சிருந்தேன். நீங்க வ... வழியே விடலை."

"இப்ப சொல்லுங்க. நான் கேட்கறேன். முழுசாக் கேட்கறேன்."

"இப்ப எதுக்கு? அது அந்தக் கூடத்துக்குன்னு வெச்சிருந்தது."

ஒபிடிகே குனிந்து தன் கைகளைப் பார்த்தார். அவருக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஒலன்மா பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, அவளை அனுப்பி வைக்கும் அன்று பேசவேண்டும் என்று தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த பேச்சு. கள்ளை வாங்கிய பிறகுதான் அதைப் பேச முடியும். அவரே அதற்கும் வழி விடவில்லை.

"வர்றோம்," என்றார் உடெசுவே திடீரென்று. "அடுத்த ஆ... ஆஃபோ சந்தை நாள்ல புதுக் கள் எடுத்துட்டு மறுபடி வர்றோம். பையன்கிட்டச் சொல்லிடறேன்."

ஒபிடிகேவுக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. உடெசுவே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆனா நீங்க பேசக் கூடாது. வேற யாராவது பேசட்டும். நீங்க உட்கார்ந்திருங்க."

அபராதம் கேட்டிருந்தால் ஒபிடிகே கொடுத்திருப்பார். காலில் விழச் சொன்னால் விழுந்திருப்பார். ஒலன்மாவின் கல்யாணத்தில் ஊமையாக உட்காரவேண்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"நீங்க கேட்கறது நியாயம்தான்," என்றார் கடைசியில்.

"நா... நான் கேட்கலை."

"அப்போ கோசிசோவா?"

உடெசுவே வாசலைப் பார்த்தார். "உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னா. ஆனா பொய் சொல்ல நிறைய வார்த்தை வேணும். எங்கிட்ட அவ்வளவு கிடையாது. நேத்து சாயங்காலம் ஒலன்மா வந்தா."

"எங்க ஒலன்மாவா?"

"தனியா வந்தா. என் பெண்டாட்டி முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்தா. மறுபடி வாங்க மாமா, சித்தப்பா வாயைத் திறக்காம நான் பார்த்துக்கறேன்னா. உங்களைத் தப்பா ஒரு வா... வார்த்தை சொல்லலை. அழுதா, அவ்வளவுதான்."

*

திரும்பும் வழியெல்லாம் ஒபிடிகே அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். நாம் பேசக் கூடாது என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றிவிட்டதே! எந்தப் பெண்ணுக்காகப் பேசப் போகிறோம் என்று நினைத்து நினைத்துப் பூரித்தாரோ, அவளே இன்னொரு வீட்டில் போய் மண்டியிட்டு, இவர் வாயை மூடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதை இவரிடம் நேரே கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படி என்ன பெரிய வாய் இது என்று அவருக்கு அவர்மேலேயே வெறுப்பு வந்தது.

தோப்பைத் தாண்டும்போதுதான் ஒக்கோலி சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. உங்க வீட்டு ஆளுங்களுக்கு. ஒபிடிகே அண்ணாந்து பார்த்தார். மரத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நெபெச்சி கூடத்து வாசலில் நின்றாள். ஒலன்மா கைகழுவத் தண்ணீரும் தாம்பாளமும் கொண்டுவந்தாள்.

"ஆஃபோ நாள்ல வர்றாங்க," என்றார் ஒபிடிகே.

நெபெச்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "மெய்யாவா?"

"மெய்தான். ஆனா இந்தத் தடவை நம்ம சார்பில பங்காளி அமாடி பேசட்டும்."

"அமாடியா? அவன் பேசினா அவனுக்கே தூக்கம் வருமே!"

"அதனால என்ன? அவன் நல்லாத் தோற்பான். எனக்குத் தொண்டை சரியில்லை."

"ஏன் சித்தப்பா?" என்றாள் ஒலன்மா. கேட்கவேண்டியதை எப்படிக் கேட்பது என்று நாளெல்லாம் தவித்தவளுக்கு அது கேட்காமலே கிடைத்துவிட்டது. முகத்தில் நிம்மதி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

"வயசாச்சும்மா," என்றார்.

அப்போது வெளியே கைத்தடிச் சத்தம் கேட்டது. பங்காளி அனெக்வே. குலத்துப் பெரியவர் எதையாவது சொல்லி அனுப்பவேண்டுமென்றால் இவரைத்தான் அனுப்புவார். நெபெச்சி ஓடிப்போய்க் கோலாத் தட்டை எடுத்துவந்தாள்.

"கோலா வேண்டாம்," என்றார் அனெக்வே. உட்காரவும் இல்லை.

நெபெச்சியின் கையில் தட்டு அப்படியே நின்றது. கோலாவை மறுத்தால் வந்திருப்பது நல்ல சேதி இல்லை.

"பெரியவர் கேட்டுட்டு வரச் சொன்னார். நேத்து சாயங்காலம் இந்த வீட்டு ஆள் ஒருத்தர் அமாகு போய், அந்த மாப்பிள்ளை வீட்டுப் படியேறினதா ஊரெல்லாம் பேச்சு. போனது யாரு?"

ஒலன்மா ஓரடி பின்வாங்கினாள். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது, அந்த வெள்ளை வட்டத்தின் மேல்.

"நான்தான்," என்றார் ஒபிடிகே.

"நீயா?"

"நான்தான் போனேன். கெஞ்சினேன்."

"நீ இன்னைக்குப் போனது தெரியும், ஒக்கோலி சொன்னான். நான் கேட்கறது நேத்து."

"நேத்தும் நான்தான்."

அனெக்வே இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். இரும்பு நாக்கு ஒரு விஷயத்தை இத்தனை சுருக்கமாக முடித்து அவர் பார்த்ததில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி. காலையில பெரியவர் கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலயும் இதையே சொல்லு. ஒக்கோலியும் வருவான். நேத்து மரத்து மேலேர்ந்து பார்த்தது யாரைன்னு அவனும் சொல்லட்டும்."

கைத்தடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒலன்மா தாம்பாளத்தை வைத்துவிட்டுச் சித்தப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கையில தண்ணி ஊத்தும்மா. பசிக்குது," என்று கையை நீட்டினார் ஒபிடிகே. அவள் ஊற்றினாள்.

நெபெச்சி கோலாத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். முதலில் கொழுந்தனாரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நேத்து இருட்டற வரைக்கும் இவர் என்கூடத் தோட்டத்துல கிழங்கு பிடுங்கிட்டு இருந்தார்," என்றாள். "பக்கத்துத் தோட்டத்துல இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க. அப்போ அமாகு போனது யாருடி?"

ஒபிடிகே ஈரக் கையை உதறிவிட்டு, ஒலன்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.